செத்தவன் கொடுத்த அளவு

தையற்காரன் முன்னால் எவனும் சொந்த உடம்போடு வந்து நிற்பதில்லை. தொந்தி உள்ளவன் வயிற்றை எக்கிக்கொள்வான். நோஞ்சான் மூச்சை இழுத்து மார்பை உப்பிக்கொள்வான். கோட்டையில் இருக்கும் ஒல்லாந்துக்காரர்களும் இதற்கு விலக்கில்லை. பண்டகசாலைத் துரை ஒருவர் அளவு கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். குப்பாயச் சட்டையைத் தைத்துப் போட்ட அன்றைக்கு மூச்சை விட்டார். பொத்தான் தெறித்து எதிரே இருந்த பாதிரியாரின் கஞ்சிக் கோப்பையில் விழுந்தது. திட்டு வாங்கியது நான்.

எக்காமல், உப்பாமல், நின்றபடி நின்று எனக்கு அளவு கொடுத்தவன் பழவேற்காட்டில் ஒரே ஒருத்தன். பெயர் தேசப்பன். அவன் அப்போது செத்துப்போயிருந்தான்.

அந்த வருஷம் ஒல்லாந்துக்காரர்களின் தலைமை ஊரான பத்தாவியாவிலிருந்து பெரிய துரை ஒருவர் கோட்டையைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர் மட்டும் வந்திருந்தால் தொல்லையில்லை. பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நம் ஊரில் கப்பல் கரையை ஒட்டாது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலோரக் குப்பத்து ஆட்கள் படகு வலித்துப் போய், ஆளையும் மூட்டையையும் அலை தாண்டி இறக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் படகு வலிப்பது கோவணத்தோடு. காற்று பலத்தால் அந்தக் கோவணமும் இருந்த இடத்தில் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கோட்டைத் துரைக்கு இதை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லையாம்.

ஆகவே உத்தரவு பிறந்தது. துரைசானியின் கண்ணைக் காப்பாற்ற, படகு வலிக்கும் பன்னிரண்டு பேருக்கும் சிவப்புச் சகலாத்தில் முழங்கால் வரை குப்பாயம். சகலாத்து என்பது அவர்கள் ஊர்க் குளிருக்காக ஆட்டுமயிரில் நெய்கிற துணி. நம் வெயிலில் அதைக் கையில் தொட்டாலே அக்குள் நனையும். அதைத்தான் தைக்கச் சொன்னார்கள். உத்தரவைக் கொண்டுவந்தவன் துபாசி ஆதிகேசவன். துரை தும்மினால் அதையும் தமிழில் ஒருமுறை தும்மிக் காட்டுகிற ஆள் அவன். ஆளாளுக்கு அளவெடுத்து, உடம்போடு ஒட்டத் தைக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் காற்றில் தூக்கிக்கொள்ளும், தூக்கிக்கொண்டால் தைத்ததே வீண் என்று துரை யோசித்துச் சொன்னதாகச் சொன்னான்.

நான் அளப்பது நூல்கயிற்றில். ஆளுக்கு ஒரு கயிறு. நுனியிலிருந்து தோளுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒன்று, மார்புக்கு, இடுப்புக்கு, உயரத்துக்கு என்று போட்டுக்கொண்டே போவேன். பிறகு கயிற்றைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டியதுதான். கயிறுகளை இடுப்பில் செருகிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். ஆண்கள் மணலில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார்கள். நல்லபடியாகத்தான் பேசினார்கள். நான் கயிறு ஒன்றை உருவினதும் இருந்த இடத்தில் ஒருத்தனும் இல்லை. சடையன் என்று ஒரு மாமிச மலை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

ஊர்ப் பெரியதனக்காரர் அங்கமுத்து வந்து விஷயத்தைச் சொன்னார். அந்தக் குப்பத்தில் மனுஷ உடம்பில் கயிறு வைப்பவன் வெட்டியான் ஒருத்தன்தான். அதுவும் ஆள் செத்த பிறகு, குழியின் நீளத்துக்கு. உயிரோடு இருப்பவனை அளந்தால் எங்கோ ஒரு குழி வாயைத் திறந்துகொள்ளும், அளவு யார் பெயரில் எடுத்ததோ அவன் வந்து விழுகிற வரை மூடாது என்பது அந்த ஊர்க் கட்டு.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்கள் அளக்காத பொருள் உண்டா? கடலின் ஆழத்தை இரண்டு கையையும் விரித்துப் பாகக் கணக்கில் அளப்பார்கள். வலைக்கண்ணை விரல் விட்டு அளப்பார்கள். பிடித்த மீனைச் சாணால் அளப்பார்கள். தப்பிப்போன மீனை முழத்தால் அளப்பார்கள். உடம்பை வைத்து ஊரையே அளக்கிறவர்கள் அந்த உடம்பில் ஒரு நூல் பட விடமாட்டார்கள். இதை அங்கமுத்துவிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குக் குடிக்க மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆதிகேசவன் மறுபடி போய் மிரட்டினான். குப்பாயம் இல்லையென்றால் கோட்டையின் படகு வேலை வேறு குப்பத்துக்குப் போய்விடும் என்றான். ஊர் கூடியது. அலை தாண்டும் வேலை போனால் அடுப்பு எரியாது. அளவு கொடுத்தால் ஆள் இருக்காது. கூடிக் கூடிப் பேசி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் அளவு கொடுக்க ஒரே ஆளை அனுப்பினார்கள். அளந்தால் கெட்டுப்போக எதுவும் மிச்சமில்லாத ஆள். அவன்தான் தேசப்பன்.

தேசப்பன் முன்பு அந்தப் படகுக்குத் தண்டல். சுக்கான் பிடித்து ஆட்களை ஏவுகிறவன். ஒரு கார்த்திகைப் புயலில் கட்டுமரத்தோடு போனான். கட்டுமரம் மட்டும் திரும்பி வந்தது. ஊர் காத்திருந்து பார்த்தது. பிறகு வைக்கோலில் ஆள் செய்து எரித்து, கருமாதி முடித்து, அவன் பெண்டாட்டி பச்சையம்மாவின் தாலியை இறக்கினார்கள். அங்கமுத்துவின் மகன் பூபதி சுக்கானைப் பிடித்தான். எல்லாம் முறையாக நடந்து முடிந்த பிறகு தேசப்பன் வந்து நின்றான். ஏதோ கப்பல்காரர்கள் கடலிலிருந்து தூக்கி வடக்கே எங்கோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நடந்து, சுண்ணாம்புக்குளம் வழியாக, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான்.

ஊர் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கருமாதி ஆனவனை மறுபடி உயிரோடு சேர்த்துக்கொண்டால் கடலை ஆளும் கங்கையம்மன் தன் கணக்குக்கு வேறொருத்தனைக் கேட்பாள் என்றார்கள். அவ்வளவுதான். அவன் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது. அவன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. மற்றபடி எல்லாரும் அவனோடு நன்றாகத்தான் இருந்தார்கள். கடலுக்குப் போகுமுன், ஊருக்கு வெளியே அவன் போட்டுக்கொண்ட குடிசைப் பக்கம் வந்து, காற்று எப்படித் திரும்பும் என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஊர் முறைவைத்து மீன் பிடிக்கிற பாடு என்ற இடத்தில் அவனுக்குப் பங்கு கிடையாது, கரைவலையில் பங்கு கிடையாது. பசியாவரம் பக்கம் ஏரிச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைத்தான்.

பச்சையம்மா சும்மா இருக்கிறவள் இல்லை. அவன் வந்த அன்றைக்கே கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்தாள். ஊர் நடுவில் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் வேலிக்கு இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமுமாக நின்று சண்டை போட்டார்கள். கூரை ஒழுகுகிறது, நீ பாட்டுக்குச் செத்துக்கிடக்கிறாய் என்பாள் அவள். கைம்பெண் புருஷனோடு சண்டை போடுவதை அந்தக் குப்பத்தில்தான் பார்த்தேன்.

அளவு கொடுக்க வரச் சொல்லி அங்கமுத்து கேட்டபோது தேசப்பன் ஒன்றுதான் கேட்டானாம். முடிந்ததும் என்னை என் வீட்டுக்குப் போக விடவேண்டும் என்று. அம்மனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அங்கமுத்து. அம்மன் பதில் சொல்கிற வரைக்கும் சும்மா வேலை வாங்கக்கூடாது என்பதால், யார் பெயரில் அளவு கொடுக்கிறானோ அந்த வீட்டில் அன்று அவனுக்குச் சோறு என்று ஏற்பாடு. செத்தவனுக்கு எப்படிச் சோறு போடுவது? படையலாகத்தான்.

வாசலுக்கு வெளியே இலை போட்டு, விளக்கு வைத்து, படைத்துவிட்டு வீட்டார் திரும்பி நிற்பார்கள். மற்ற ஊர்களில் காக்காய் வந்து கொத்தும். இங்கே செத்தவரே வந்து உட்கார்ந்து, குழம்பில் உப்புப் போதவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். படையலில் கஞ்சத்தனம் காட்டினால் குடும்பத்துக்கு ஆகாது. ஆகவே பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். நண்டு, மடவை, சுறாப்புட்டு, கூடவே கள். யானைக்குத்தான் இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். தேசப்பனுக்கு இறந்த பிறகுதான் கொழுப்பு.

முதல் நாள் என் கடைக்கு வந்து நின்றான். கையில் மிதப்புக்கட்டைச் சில்லு ஒன்று. வலையில் கட்டுகிற மிதப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் செதுக்கியிருப்பார்கள். குப்பாயம் மாறிவிடக்கூடாதென்று ஊர் கொடுத்தனுப்பியிருந்தது; அதை அவனுக்கான கயிற்றின் நுனியில் கட்டிக்கொண்டேன். பெயர் என்ன என்று கேட்டேன். சடையன் என்றான். சடையனின் தொடை கனம்கூட இல்லாத ஆள் சடையன் என்று சொல்லிக்கொண்டு கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றான். விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. எனக்கு முழு விஷயமும் அங்கேதான் தெரிந்தது.

நான் நேரே ஆதிகேசவனிடம் போய்ச் சொன்னேன். ஒரே உடம்பை வைத்துப் பன்னிரண்டு பேருக்குத் தைத்தால் எவனுக்கும் பொருந்தாது என்றேன். துரைக்கு இவர்கள் பன்னிரண்டு பேரும் ஒரே ஆள்தான், சிவப்பாக இருந்தால் போதும், வாயை மூடிக்கொண்டு தை என்றான். அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கோட்டையில் துரைமார் என்னையும் வண்ணானையும் தண்ணீர் தூக்குகிறவனையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஆனால் நான் திமிர் பிடித்தவன். முதல் நாள் எடுத்த அளவை வைத்துப் பன்னிரண்டையும் வெட்டித் தள்ளியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. வருகிறவன் தன்னை யார் என்று சொல்கிறானோ அவனுக்குப் புதிதாக அளவெடுப்பேன் என்று வீம்பு. தினமும் அவன் வேறொரு பெயரோடு வருவான். தினமும் நான் வேறொரு கயிற்றை எடுப்பேன். இடுப்பு முடிச்சு நாளுக்கு நாள் நகர்ந்தது. முதலில் அரை விரல், பிறகு ஒரு விரல். கன்னத்தில் பள்ளம் மறைந்தது. கடைசியில் பூபதியின் பெயரில் வந்தபோது தொப்புள் முன்னால் வந்தது, தேசப்பன் பின்னால் வந்தான்.

அவனுக்கு அது சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. ஒரு நாள் மார்பளவு எடுக்கும்போது அவன் நெஞ்சு திக்திக்கென்று அடிப்பது என் விரலில் தட்டியது. என்ன பயம் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு வுடுவாங்களா வரதரே?" என்றான். "இம்மாந்தூரம் வந்து வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கினு கீறேன். அவ கையால ஒரு வாய்க் கஞ்சி போதும்."

கையைத் தூக்கு என்று மட்டும் சொன்னேன்.

கப்பல் வந்தது. கோட்டைத் துரை, பறை, கொம்பு, கொடி, எல்லாம் கரையில். பன்னிரண்டு பேரும் குப்பாயம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மண்ணைத் தோண்டிப் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. தேசப்பன் எலும்பாக இருந்தபோது எடுத்த அளவில் தைத்ததை மாமிச மலை சடையன் போட்டிருந்தான். கை இரண்டும் விறைத்துப் பக்கவாட்டில் நின்றன; மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டப் பக்கத்தில் இருந்தவனைக் கெஞ்சினான். பூபதி ஒல்லிக்குச்சி. அவனுக்குக் கொழுத்த தேசப்பனின் குப்பாயம். கழுத்துக்குள் தலை போய் வந்தது, கை விரல் ஒன்றும் வெளியே தெரியவில்லை. கோட்டைத் துரை தூரத்தில் நின்று பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

போகும்போது எப்படியோ போய்விட்டார்கள். பெரிய துரையையும் துரைசானியையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் வினை. அதற்குள் சகலாத்து தண்ணீர் குடித்திருந்தது. நனைந்த ஆட்டுமயிர் ஆளுக்கு ஒரு மூட்டை கனம். சடையனுக்குத் துடுப்பைத் தூக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு அக்குள் தையல் படபடவென்று விட்டது. அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் பூபதியின் விரலை மூடியிருந்த ஈரச் சட்டைக்கை சுக்கானில் வழுக்கியது. சுக்கான் கையைவிட்டுப் போக, படகு அலைக்குக் குறுக்கே திரும்பியது. அப்படித் திரும்பின படகு பெரும்பாலும் கவிழும். கரையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தேசப்பன் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செத்தவனுக்கு உரிய இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் ஓடியதை நான் பார்க்கவில்லை. தண்ணீரில் தலையைத்தான் பார்த்தேன். புது வயிறு இருந்தும் நீச்சல் மறக்கவில்லை. படகில் தொற்றி ஏறி, பூபதியை ஒரு தள்ளுத் தள்ளி, சுக்கானைப் பிடித்தான்.

"அவுத்துப் போடுங்கடா அந்தக் கருமத்த" என்று அவன் கத்தினது கரை வரைக்கும் கேட்டது.

பன்னிரண்டு பேரும் அவிழ்த்துக் கடலில் எறிந்தார்கள். அவசரத்தில் இரண்டு மூன்று பேர் கூடுதலாகவும் அவிழ்த்துவிட்டார்கள். தேசப்பன் குரல் கொடுக்க, துடுப்புகள் ஒன்றாக விழுந்தன, படகு நிமிர்ந்தது, அடுத்த அலை அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் வைத்தது. பெரிய துரை மண்டியிட்டு வாந்தி எடுத்தார். துரைசானி சடையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். எதைப் பார்த்தால் அவள் மயங்கி விழுவாள் என்று கோட்டையே நடுங்கியதோ, அதையெல்லாம் பார்த்துவிட்டுத் தெளிவாகத்தான் இருந்தாள்.

தேசப்பன் ஈரத்தோடு நின்றான். இன்றைக்கு நிச்சயம் வீட்டுக்கு விடுவார்கள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனுஷனாக இருந்தால் அப்படித்தான் நினைப்பான்.

அங்கமுத்து ஊரைக் கூட்டினார். செத்தவன் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து பன்னிரண்டு உயிரைக் காப்பாற்றினான், இது மனுஷ வேலை இல்லை, அவன் சாமி ஆகிவிட்டான் என்றார். கடற்கரையில் கல் நட்டுப் பூசை போட வேண்டும், மாசாமாசம் படையல், படகு இறக்குமுன் கற்பூரம் என்று அடுக்கினார். ஊருக்கு ஒரே கொண்டாட்டம். பெண்கள் குலவையிட்டார்கள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்கிற கதை ஆயிற்று. செத்தவனாவது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பெண்டாட்டியிடம் திட்டு வாங்கலாம். சாமியால் அதையும் செய்ய முடியாது.

எனக்குக் கல் வேண்டாம், வீடு போதும் என்று தேசப்பன் சொல்லிப் பார்த்தான். சாமி விளையாடுகிறது என்று சொல்லி அவன் காலில் விழுந்தார்கள். முதலில் விழுந்தது பூபதி. சாமிக்குச் சுக்கான் வேண்டியதில்லை அல்லவா.

அன்று சாயங்காலம் பச்சையம்மா என் கடைக்கு வந்தாள். அழுத முகம், ஆனால் அழுது முடித்த முகம். அந்தப் பன்னிரண்டு கயிறும் இருக்கிறதா என்று கேட்டாள். ஆணியில் தொங்கியதைக் காட்டினேன். எடுத்துக்கொண்டாள். காலையில் கல் நடுகிற இடத்துக்கு என்னையும் வரச் சொன்னாள். வராவிட்டால் அடுத்த தடவை என் கூடையில் அழுகின மீன்தான் விழும் என்றும் சொன்னாள்.

காலையில் போனேன். கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். வெட்டியான் குழி தோண்டி முடித்துக் கடப்பாரையோடு நின்றான். தேசப்பன் கழுத்தில் மாலையைப் போட்டு, பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. பச்சையம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கல்லுக்கும் குழிக்கும் நடுவில் நின்றாள். முதல் கயிற்றையும் கடைசிக் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இடுப்பு முடிச்சுகளைக் காட்டினாள். தின்னத் தின்ன உடம்பு வைத்திருக்கிறது, செத்தவன் சதை போடுவானா என்று கேட்டாள்.

அங்கமுத்து அசரவில்லை. கடலில் போனவன் கரை ஒதுங்கும்போது எப்படி இருப்பான் என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பிணமும்தான் ஊதும் என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கு அவர் மேல் காறித் துப்பலாம் போல இருந்தது.

பச்சையம்மா சிரிப்பு அடங்குகிற வரை நின்றாள். பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, நுனியில் தொங்கிய மிதப்புச் சில்லைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் வீட்டு அடையாளத்தைப் பார்த்தாள்.

"இது சடையன் பேர்ல எடுத்த அளவு. இது பூபதி பேர்ல எடுத்த அளவு. பன்னெண்டும் உங்க பன்னெண்டு பேர் பேருதான். ஊரு ஒரே சொல்லு சொல்லட்டும். அளவு குடுத்த ஆளு உசுரோட கீறானா, செத்துட்டானா?"

"செத்தவன்தான். அதனாலதான சாமி" என்றார் அங்கமுத்து.

"செரி. அப்ப இது பொணத்து அளவு. பொணத்து அளவு எதுக்கு எடுப்பீங்க? குழிக்குத்தான?" அவள் வெட்டியான் பக்கம் திரும்பினாள். "இந்தாய்யா. பன்னெண்டு பேரு, பன்னெண்டு அளவு. அடையாளம் பார்த்து வூட்டுக்கு ஒண்ணா வெட்டிக்கினு வா."

வெட்டியான் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டான். பிறகுதான் சுற்றிலும் பார்த்து, கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அந்த ஊர்க் கட்டு அந்த ஊருக்கே திரும்பி நின்றது எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது. தேசப்பன் செத்தவன் என்றால் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் பெயரில் பிணத்து அளவு எடுத்தாகிவிட்டது. உயிரோடு இருக்கிறான் என்றால் உயிருள்ளவனை அளந்தும் ஒன்றும் ஆகவில்லை, எவனும் பயப்பட வேண்டாம். சடையனின் பெண்டாட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள். அந்த மனுஷன் எங்கள் வாசலில் ஒரு சட்டி நண்டைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டான், பிணம் ஏப்பம் விடுமா என்றாள். உடனே பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். நேற்றுக் குலவையிட்ட அதே வாய்கள்.

அங்கமுத்து கையைத் தூக்கி அடக்கினார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய இரண்டு தம்பிகளைக் கடல் தின்றிருக்கிறது. பயம் அவருக்கு நிஜமான பயம்.

"இவன சேத்துக்கினா ஆத்தா வேற ஆளு கேப்பாளே. நான் இன்னா குடுக்கறது?" என்று கேட்டார். அதிகாரமாகக் கேட்கவில்லை.

"அவன் உடம்பு அளவுக்குத் தெச்ச சட்ட, பன்னெண்டு, முழுசா அவ மடியில போட்டாச்சு" என்றாள் பச்சையம்மா. "எந்த ஊர்லனா ஒரு ஆளுக்குப் பன்னெண்டு வாட்டி காணிக்க குடுத்துக் கீறாங்களா? ஆத்தா இன்னும் கேட்டான்னா என்னாண்ட அனுப்பு. நான் பேசிக்கறேன்."

அங்கமுத்து கடலைப் பார்த்தார். அவள் கையில் தொங்கிய பூபதியின் சில்லைப் பார்த்தார். அவருக்கு அவன் ஒரே மகன். பூபதி அவர் பக்கத்தில் வந்து தோள்துண்டைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான ஆண்பிள்ளை, சின்னப் பையனைப் போல.

"நைனா, எனக்குத் தண்டல் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான். "அந்தாள பேர் சொல்லிக் கூப்புடு."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார்.

"தேசப்பா" என்று கூப்பிட்டார்.

தேசப்பன் மாலையும் கழுத்துமாக நின்றான். அசையவில்லை. ஊர் வாயில் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலமோ, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு ஏறவில்லை. பச்சையம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நேரம் ஊரோடு மோதின கோபம் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது.

"காது கேக்கலியா உனுக்கு? பெரியவரு கூப்புடறாரு, இன்னான்னு கேளேன்யா" என்றாள். அவள் குரல் உடைந்துவிட்டது.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அங்கமுத்துவைப் பார்த்தான்.

"இன்னாண்ணா" என்றான்.